நியோ: ஹினோ-என்மாவிடம் மூச்சு முட்டுகிறது, ஈட்டியைக் கைவிடலாமா?

செந்தூல் வேன்காரன் எழுதியது:

முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். “இன்னும் நன்றாகப் பழகுங்கள்” என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போக நினைப்பவர்கள் சிரமப்பட வேண்டாம். அந்த வரியைச் சிங்கப்பூரிலிருந்து என் அக்காள் மகன் வாரம் தவறாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறான். பிளேஸ்டேஷன் 4-ஐயும் இந்த வட்டையும் என் தலையில் கட்டிவிட்டு வேலைக்குப் போனவனும் அவன்தான்.

வீடியோ விளையாட்டு ‘நியோ’, முதல் பாகம், 2017-இல் வந்தது. வில்லியம் என்ற வீரனாக ஜப்பானியப் பேய்களோடு மோத வேண்டும். நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மாமாக் கடையில் பசியாறிவிட்டு வீடு திரும்பினால், நண்பகல் கூட்டத்தை ஏற்றப் புறப்படும்வரை வீட்டில் யாரும் இல்லை. முன்பெல்லாம் அந்த நேரத்தில் தூங்குவேன். இப்போது அது முழுவதும் ஒரு பெண்பேய்க்குப் போகிறது.

லண்டன் கோபுரம் பாலபாடம், அதைத் தாண்டினேன். அப்புறம் அந்தத் தீவு, எரியும் கிராமம், கப்பலுக்குள் சங்கிலியில் இரும்புக் குண்டுகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஓன்ரியோக்கி என்ற அசுரன். அவன் பெரிய உருவம், கையை ஓங்குவதற்கே அவகாசம் எடுத்துக்கொள்வான். ஓங்கும்போது விலகு, விலாவில் இரண்டு குத்து, பின்வாங்கு. சங்கிலி அறுந்து அவன் குண்டைத் தூக்கி எறியத் தொடங்கிய பிறகும் இந்தக் கணக்கு பிசகவில்லை.

அதே கணக்கோடு அடுத்த பணியில் குகைக்குள் போனால் அந்தப் பெண்பேய், ஹினோ-என்மா. அந்தரத்தில் மிதக்கிறாள். நெருங்கினால் நழுவுகிறாள், விலகினால் மேலே வந்து விழுகிறாள். அவள் வீசுவது பட்டுக்கொண்டே இருந்தால் வில்லியமின் உடம்பு மரத்துப்போகிறது, நின்ற இடத்தில் நின்றுவிடுகிறான். அவள் அவசரமே படாமல் வந்து அணைத்து ரத்தத்தை உறிஞ்சுகிறாள். அந்த அவசரமின்மைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் தயாரிப்பு இது: ஈட்டி முதல் ஆயுதம், வாள் இரண்டாவது. ஆயுதத்தைப் பிடிக்கும் மேல், இடை, தாழ் நிலைகளில் பெரும்பாலும் இடைநிலையில் நிற்கிறேன். கையில் கிடைத்ததிலேயே கனமான கவசம். வரைபடத்தில் அந்தப் பணிக்குப் போட்டிருக்கும் லெவலைவிட என் லெவல் கூடுதலே, ஆகவே இன்னும் அமிர்தா (எதிரிகளைக் கொன்று சேர்க்கும் புள்ளிகள்) சேர்த்து லெவலை ஏற்று என்று சொல்லாதீர்கள். ஒன்றைக் கவனித்தேன். உயிர்க்கோடு முதலில் தீர்வதில்லை. கி-தான், அதாவது அடிக்கவும் விலகவும் செலவாகும் தெம்புதான், முதலில் தீர்கிறது. அது தீர்ந்ததும் வில்லியம் குனிந்து மூச்சு வாங்குகிறான். சாவு அதற்குப் பிறகு வந்து சேர்கிறது.

கேள்விகள். ஈட்டி இவளுக்கு ஒத்துவராத ஆயுதமா? கவசத்தைக் குறைக்க வேண்டுமா? மூன்றாவது கொஞ்சம் மான விஷயம். எதிரியை மந்தமாக்கும் தாயத்து ஒன்று இருக்கிறதாம், அது பட்டால் அவள் நகர்வதே மெதுவாகிவிடுமாம். அக்காள் மகன் அதைத்தான் போடச் சொல்கிறான். அப்படி ஜெயித்தால் ஜெயித்தது யார், நானா தாயத்தா?


ஆயர் ஈத்தாம் கம்பு எழுதியது:

அண்ணா, பினாங்கிலிருந்து எழுதுகிறேன். ஈட்டியை விட வேண்டாம். அவள் காற்றில் மிதப்பவள், எட்டிக் குத்தும் ஆயுதம் உங்கள் கையில் இருப்பது நல்லதே.

விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். கி தீர்ந்த பிறகுதான் சாவு வருகிறது என்று சொன்னீர்களே, இந்த விளையாட்டு மொத்தமும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். ஓன்ரியோக்கியிடம் இரண்டு குத்து, பின்வாங்கல் என்று ஆடியதால் கி தானாக ஊறுவதற்கு அவன் உங்களுக்கு நேரம் கொடுத்தான். ஹினோ-என்மா கொடுக்க மாட்டாள். அவளிடம் கி-யை நீங்களே திரும்ப வாங்க வேண்டும்.

வாங்குவது எப்படி என்று பார்ப்போம். ஒரு தாக்குதல் முடிந்ததும் வில்லியமைச் சுற்றி நீல ஒளி பொறிப்பொறியாக எழுந்து உடம்பை நோக்கிக் கூடும். அது கூடி முடியும் கணத்தில் ஆர்1 பொத்தானை அழுத்தினால், அந்தத் தாக்குதலுக்குச் செலவான கி பெருமளவு திரும்பிவிடும். அவசரப்பட்டு முன்பே அழுத்தினால் கொஞ்சம்தான் கிடைக்கும். அழுத்தாமலே விட்டால் சும்மா நின்று ஊறவிட வேண்டியதுதான். கி பல்ஸ் என்று பாலபாடத்தில் ஒரு மூலையில் சொல்லிக்கொடுத்துவிட்டு, அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் உயிரை வாங்கும் விளையாட்டு இது.

நான் சிலம்பம் கற்றபோது ஆசான் எங்கள் வீச்சைப் பார்க்கவே மாட்டார். வீச்சு முடிந்து கம்பு திரும்பும் நேரத்தில் கால் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பார்ப்பார். கி பல்ஸும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. குத்து முடிந்த பிறகு, அடுத்த அசைவுக்கு முன்னால்.

இன்னொரு பயனும் உண்டு. யோகாய்கள், அதாவது இந்த விளையாட்டின் பேய்கள், தரையில் ஒரு கரும்படலத்தை விட்டுச் செல்லும். அதற்குள் நின்றால் உங்களுக்குக் கி ஊறுவது வெகுவாகக் குறைந்துபோகும். சரியான நேரத்தில் பல்ஸ் அடித்தால் காலடியில் இருக்கும் படலம் கலைந்துவிடும். படலத்தைக் கண்டு ஓடாதீர்கள், அதற்குள் நின்றே ஒரு குத்து குத்தி, பல்ஸ் அடித்துத் துடைத்துவிடுங்கள்.

நிலை பற்றி. மேல்நிலையில் அடி கனம், செலவும் கனம். இடைநிலை தடுப்பதற்கு உகந்தது, ஆனால் அவளுடைய வீச்சுகளைத் தடுத்து நிற்பதில் லாபம் இல்லை. தாழ்நிலையில் விலகல் வேகமானது, கி-யும் குறைவாகவே செலவாகும். நான் அவளைத் தாழ்நிலையில் சுற்றிவந்து, அவள் தரைக்கு வந்து விழுந்து எழும் நேரத்தில் மட்டும் இடைநிலைக்கு மாறிக் குத்தினேன். திறன் பட்டியலில் சாமுராய்ப் பகுதியில் ஃப்ளக்ஸ் என்று ஒன்று இருக்கும். பல்ஸ் அடிக்கும் அதே கணத்தில் நிலையையும் மாற்றினால் கி இன்னும் கூடுதலாகத் திரும்பும். முதல் வேலையாக அதை எடுங்கள்.

இதையெல்லாம் அவள் முன்னாலேயே பழக முடியாது. முதல் தீவுக்குத் திரும்பிப் போங்கள். கோடரி ஏந்திய கொம்பன் ஒருவன் அங்கே நிற்பான், அவனை ஆசானாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தபடியாக, வழியெங்கும் செத்துப்போன மற்ற ஆட்டக்காரர்களின் சிவப்புக் கல்லறைகள் இருக்கும். தொட்டால் அந்த ஆட்டக்காரரின் ஆவி எழுந்து சண்டைக்கு வரும். அவர்களுக்கும் கி உண்டு, அது தீர்ந்தால் அவர்களும் உங்களைப் போலவே மூச்சு வாங்குவார்கள். எதிராளியின் கி-யைத் தீர்ப்பது எப்படி என்று அங்கே கண்ணால் பார்க்கலாம். ஹினோ-என்மாவுக்கும் ஒரு கி உண்டு என்பது அதற்குப் பிறகுதான் உங்களுக்கு உறைக்கும். அது தீர்ந்து அவள் தடுமாறும்போதுதான் முழுத் தாக்குதலையும் இறக்க வேண்டும், அதுவரை சில்லறைக் குத்துகளே போதும்.

கவசத்தைக் கட்டாயம் குறையுங்கள். எடை உங்கள் தாங்குதிறனில் 70 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். அதைத் தாண்டினால் ஒவ்வோர் அசைவுக்கும் கி கூடுதலாகப் போகும், ஊறுவதும் மந்தமாகும். அவளுடைய அணைப்பில் சிக்கினால் எவ்வளவு இரும்பு போட்டிருந்தாலும் பெரிதாகப் பயனில்லை.

மரத்துப்போவது ஒரே அடியில் நடப்பதில்லை. ஒவ்வொரு தடவை படும்போதும் ஓர் அளவு ஏறிக்கொண்டே போகும், நிரம்பினால்தான் உடம்பு நிற்கும். ஒன்று பட்டுவிட்டதா, அந்தச் சுற்றில் ஆசைப்படாமல் தூரமாகப் போய் அது இறங்கும்வரை காத்திருங்கள்.


பிரிக்பீல்ட்ஸ் கூகை எழுதியது:

ஆயர் ஈத்தாம்காரர் அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் வேன்காரரே, தாயத்தைப் போடுங்கள்.

நீங்கள் ஆடுவது பதினேழாம் நூற்றாண்டு வாசலில் இருக்கும் ஜப்பான். அங்கே மந்திரவாதியும் உண்டு, நிஞ்சாவும் உண்டு. ஓன்மியோ மந்திரம் என்று தனியாக ஒரு திறன் கிளையையே செய்து வைத்திருக்கிறார்கள். அதில் இருக்கும் ஒரு தாயத்தைத் திறன் புள்ளி செலவழித்துக் கற்று, வழியில் இளைப்பாறும் கோயில் மாடத்தில் தயார்செய்து, அவள் நழுவும் நேரம் பார்த்து எறிந்து படவைக்க வேண்டும். இத்தனை வேலை செய்து ஜெயித்தால் அது நீங்கள் ஜெயித்ததாகாதா? வேனில் கண்ணாடிக்குப் பக்கத்தில் சாமி படம் மாட்டியிருப்பீர்கள். அதற்காக வண்டியை ஓட்டுவது சாமியா?

இந்த விளையாட்டைச் செய்தவர்கள் டீம் நிஞ்சா. நிஞ்சா கைடன் விளையாட்டில் நம் விரல்களை ஒடித்த அதே கூட்டம். அவர்களே ஒரு சலுகை கொடுக்கிறார்கள் என்றால் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்வதுதான் முறை.


செந்தூல் வேன்காரன் எழுதியது:

ஆயர் ஈத்தாம் தம்பிக்கு நன்றி. கவசத்தைக் கழற்றிவிட்டு, தீவுக்குப் போய்க் கொம்பனிடம் நின்றேன். நீல ஒளியைக் கண்ணால் பார்த்து விரலை அழுத்தினால் எனக்கு எப்போதும் தாமதமாகிவிடுகிறது. தொலைக்காட்சியின் ஒலியை ஏற்றி வைத்து, காதால் பிடித்தால் சரியாக வருகிறது. வண்டியில் கியர் மாற்றும் நேரத்தை நான் காதால்தான் அறிவேன், அந்தப் பழக்கமாக இருக்கலாம். வயதில் என்னைப் போன்றவர்கள் யாராவது இதைப் படித்தால் காதை நம்பிப் பாருங்கள்.

கல்லறை யோசனையும் நன்று. எழுந்து வருபவர்களில் பாதிப்பேர் என்னைவிட மோசமாக உடுத்தியிருக்கிறார்கள், அதில் ஓர் ஆறுதல். அடித்து வீழ்த்தினால் அவர்களுடைய ஆயுதமோ கவசமோ சில சமயம் கிடைக்கிறது, ஓச்சோக்கோ கிண்ணமும் சேர்கிறது. அந்தக் கிண்ணத்தைக் கொடுத்து மாடத்தில் இன்னோர் ஆட்டக்காரரைத் துணைக்கு அழைக்கலாம் என்று படித்தேன். அழைக்க மாட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் காலை பத்து மணிக்கு வந்து என் சண்டையைப் போட்டுக் கொடுப்பதை என்னால் சகிக்க முடியாது.

கூகையாரே, சாமி படம் உதாரணம் சாமர்த்தியமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தாயத்து வேண்டாம். நியாய அநியாயம் பேசவில்லை. அவளை மெதுவாக்கி வீழ்த்திவிட்டால் அடுத்து வருகிறவனையும் மெதுவாக்கத் தோன்றும், கடைசிவரை கி-யைக் கற்காமலே போய்விடுவேன். உயிர் ஆயுதத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன். முக்கோணமும் வட்டமும் சேர்த்து அழுத்தினால் காவல் ஆவி ஆயுதத்தில் இறங்குகிறதே, அது வில்லியமின் சொந்தச் சொத்து.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. செத்த இடத்தில் காவல் ஆவி தங்கிவிடுகிறது, சேர்த்த அமிர்தாவும் அங்கேயே கிடக்கிறது. அவளுடைய அறைக்குள் செத்தால் அதை மீட்கப் போய் மறுபடியும் அவளிடமே சாகிறேன். இதற்கு வழி உண்டா?


பிரிக்பீல்ட்ஸ் கூகை எழுதியது:

தாயத்து மானக்கேடு, ஆனால் ஒரு மிருக ஆவியை ஈட்டியில் ஏற்றி, உயிர்க்கோட்டில் அடியே விழாமல் நின்று குத்துவது வீரம். நல்ல நியாயம் ஐயா.


கெப்போங் வாசகி எழுதியது:

மன்னிக்கவும், நான் இந்த விளையாட்டில் உங்கள் எல்லாரையும்விட மெதுவானவள். கதைக்காக ஆடுபவள். ஆனால் அமிர்தா கேள்விக்கு விடை தெரியும்.

மாடத்தில் காவல் ஆவியைத் திரும்ப அழைக்கும் வசதி இருக்கிறது. அப்படி அழைத்தால் செத்த இடத்தில் கிடக்கும் அமிர்தா போய்விடும், ஆவி மட்டும் வரும். இரண்டும் வேண்டுமானால் அழைப்பு மெழுகுவர்த்தி என்ற பொருளைப் பயன்படுத்த வேண்டும், அது நீங்கள் நிற்கும் இடத்துக்கே ஆவியையும் அமிர்தாவையும் கொண்டுவந்து சேர்க்கும். என் வழக்கம் வேறு. பெரிய சண்டைக்கு முன் கையில் இருக்கும் அமிர்தா முழுவதையும் மாடத்தில் லெவலை ஏற்றச் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போவேன். இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்றால் கை நடுங்குவதில்லை. குகையில் வழிதவறி ஒளிந்திருக்கும் சின்னஞ்சிறு மர ஆவிகளான கொடாமாக்களையும் தேடி எடுங்கள். அவை கூடக்கூட மாடத்தில் பெறும் ஆசியின் பலனும் கூடும், உயிர்க்கோட்டை ஏற்றும் அமுதக்குப்பி கூடுதலாகக் கிடைக்கும் ஆசியும் அதில் உண்டு.

வில்லியம் யார் என்று தெரிந்துதான் ஆடுகிறீர்களா? வில்லியம் ஆடம்ஸ், 1564-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்த கப்பலோட்டி. 1598-இல் ராட்டர்டாமிலிருந்து புறப்பட்ட ஐந்து டச்சுக் கப்பல்களில் ஒன்று மட்டும், லீஃப்டே, 1600-இல் கியூஷு கரையை அடைந்தது. வந்து சேர்ந்தவர்களில் எழுந்து நிற்கத் தெம்புள்ளவர்கள் ஒரு சிலரே. விளையாட்டில் அவர் திருடப்பட்ட தம் காவல் ஆவியைத் தேடி வருகிறார். உண்மையில் பசியும் நோயுமாக வந்து இறங்கினார், தோக்குகாவா இயேயாசுவுக்குக் கப்பல் கட்டிக் கொடுத்தார், நிலமும் வாளும் பெற்றார், ஊர் திரும்பாமல் 1620-இல் ஹிராடோவில் இறந்தார். விளையாட்டின் அசுரர்களைவிட இந்த மனிதர்தான் எனக்கு விசித்திரமாகப் படுகிறார். இந்த விளையாட்டுக்கும் நீண்ட பயணம்தான். 2004-இல் அறிவித்தார்கள், கையில் கிடைத்தது 2017-இல்.

விளையாட்டு சொல்லாத ஒன்று. ஆடம்ஸ் 1616-இல் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) போய் வியாபாரம் செய்து திரும்பியவர். நம் வீடுகளில் சயாம் என்றால் வேறு நினைப்பு. என் பாட்டிக்குத் தொண்ணூறு கடந்துவிட்டது. ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் அவருடைய அப்பாவைத் தோட்டத்திலிருந்து ரயில் பாதை போட சயாமுக்கு இழுத்துப் போனார்கள், அவர் வரவில்லை. இந்த விளையாட்டில் வில்லியம் ஆங்கிலம் பேசுவார், மற்றவர்கள் ஜப்பானிய மொழியில் பேசுவார்கள். ஒரு முறை தளபதி ஒருவர் உரக்கக் கத்தும் காட்சியில் பாட்டி எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றுமுதல் ஹெட்போன் இல்லாமல் நான் ஆடுவதில்லை. ஒலியை ஏற்றி வைத்து ஆடும் வேன்கார அண்ணனுக்கு வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை என்று நினைக்கிறேன்.


செந்தூல் வேன்காரன் எழுதியது:

இல்லை, தங்கச்சி. இருந்தவர்கள் போய்விட்டார்கள். எங்கள் தாத்தாவும் அந்தப் பாதையில் வேலை செய்தவர்தான், ஆனால் அவர் திரும்பி வந்தார். அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் சாப்பாட்டுப் பங்கீட்டை மட்டும் சொல்வார், வேறொன்றும் சொல்ல மாட்டார். அவர் இருந்திருந்தால் இந்த வட்டு வீட்டுக்குள் வந்திருக்குமா என்று சொல்லத் தெரியவில்லை.

செய்தி: அவள் விழுந்துவிட்டாள். ஈட்டியால்தான். தாயத்து இல்லை, துணை ஆள் இல்லை. தங்கச்சி சொன்னபடி அமிர்தாவைச் செலவழித்துவிட்டு உள்ளே போனேன். தாழ்நிலையில் சுற்றி வந்தேன், அவள் விழுந்து எழும்போது குத்து, பல்ஸ், குத்து, பல்ஸ். கி தீர்ந்து தடுமாறினாள். அங்கே ஆசைப்பட்டு உயிர் ஆயுதத்தைச் செலவழிக்காமல், அவளுடைய உயிர்க்கோடு பாதிக்குக் கீழே இறங்கி அவள் மூர்க்கமாகும்வரை வைத்திருந்தேன். அவளுடைய அணைப்பில் ஒரு முறை சிக்கி, அமுதத்தில் மீண்டேன். கடைசிக் குத்து அழகானதல்ல. பல்ஸைத் தவறவிட்டு, மூச்சு வாங்கப் போகும் நேரத்தில் முந்திக்கொண்டு பட்டது. கூகையாருக்கு அதில் மகிழ்ச்சி இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும்.

பையில் வாளும் கவசமும் மலையாகக் குவிந்திருக்கின்றன. விற்பதா, வைத்திருப்பதா?


ஆயர் ஈத்தாம் கம்பு எழுதியது:

வாழ்த்துகள் அண்ணா. பயன்படுத்தாததை மாடத்தில் காணிக்கையாகச் செலுத்துங்கள், அமிர்தா கிடைக்கும், சில சமயம் அமுதமும் சேர்ந்து வரும். பணம் தேவைப்படும்போது மட்டும் விற்கலாம். நல்ல தரத்தில் இருப்பவற்றைக் கொல்லரிடம் கொடுத்துப் பிரித்தால் மூலப்பொருள் கிடைக்கும், பின்னால் ஆயுதம் அடிக்க உதவும். ஈட்டி எதுவாக இருந்தாலும் கொஞ்ச நாள் வைத்துப் பாருங்கள். ஒரே ஆயுதத்தைத் தொடர்ந்து பயன்படுத்தினால் அதன் பழக்க அளவு ஏறி அடியும் கூடும்.


பிரிக்பீல்ட்ஸ் கூகை எழுதியது:

மகிழ்ச்சியை எடுத்துக்கொண்டேன். அடுத்த பேய் வரும்போது இதே இடத்தில் கேள்வி போடுங்கள், தாயத்தோடு காத்திருக்கிறேன்.